அவனை நம்பினேன்!

காலை ஐந்து மணிக்கு வருகிற போன் நல்ல சேதி கொண்டுவந்ததாகச் சரித்திரம் கிடையாது. அன்றைக்கும் அப்படித்தான். தூத்துக்குடியிலிருந்து அக்கா. எடுத்த எடுப்பிலேயே அழுகை.

"தம்பி, அவனை நம்பி மோசம் போயிட்டேன்லே..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்திரண்டு வருஷமாக அத்தானை 'அவுக' என்பதைத் தவிர வேறு வார்த்தையில் சொல்லியறியாதவள் அக்கா. இன்று 'அவன்' என்கிறாள் என்றால் விஷயம் கைமீறிப் போய்விட்டது என்று அர்த்தம். அத்தானுக்கு பைபாஸ் ஆகி எட்டு மாசம்தான் ஆகிறது. இந்த நிலைமையில் மனுஷர் என்ன செய்து தொலைத்தார்?

"அத்தான் என்ன செஞ்சாக, சொல்லுக்கா!"

"அவுக என்னத்தச் செய்வாக, பாவம்? தூங்குதாக. நான் அவனைச் சொல்லுதேன்லே. கேக்கு சுடுத அவனை!"

இங்கிலீஷ்காரன் அந்த அடுப்புக்கு வேறு பெயர் வைத்திருக்கக் கூடாதா? குடும்ப அமைதியை முன்னிட்டு இனிமேல் 'ஓவன்' என்றே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். அத்தான் கப்பலில் ஃபிட்டராக இருந்தவர். அவர் கடலில் இருந்த காலத்தில் அக்கா ஆசைக்கு ஒரு நாற்பது லிட்டர் ஓவன் வாங்கிவைத்தாள். பைபாஸுக்குப் பிறகு 'கப்பல் பக்கமே போகக் கூடாது' என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த ஓவன்தான் வீட்டுக்குச் சோறு போடுகிறது. ஆசைக்கு வாங்கினது ஆதாரமாகிவிட்டது. பர்த்டே கேக், பிஸ்கட், எல்லாவற்றுக்கும் மேலாக மக்ரூன். ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண வீட்டுக்கு ஆறு கிலோ மக்ரூன் ஆர்டர். அட்வான்ஸ் வாங்கியாயிற்று, செலவும் ஆயிற்று. இன்றைக்குச் செவ்வாய். மூன்று ஈடு சுட்டதில் மூன்றுமே பல்லில் ஒட்டுகிற பசை.

"ஓவன் மேல தப்பா, இல்ல என் மேல தப்பான்னு தெரியலலே. அப்பா கை எனக்கு வரல போலிருக்கு" என்றாள் கடைசியில்.

அந்த ஒரு வரிக்காகத்தான் அன்று மாலையே முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினேன்.

எங்கள் அப்பா ஊரில் ஒரு பேக்கரியில் முப்பது வருஷம் விறகடுப்பு முன்னால் நின்றவர். அவருடைய வலது முழங்கைக்குக் கீழே ஒரு முடி கிடையாது. அடுப்புக்குள் கையை நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். எத்தனை எண்ணும்வரை கை தாங்குகிறதோ, அதுதான் சூடு. சந்தேகம் வந்தால் ஒரு சிட்டிகை மைதாவை அடுப்புத் தரையில் தூவி, அது எவ்வளவு நேரத்தில் சிவக்கிறது என்று பார்ப்பார். மகன் அடுப்பு முன்னால் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் என்னை பி.காம். படிக்கவைத்தார். நான் எழுத்தாளனாகி, அடுப்பே எரியாத தொழிலுக்கு வந்து சேர்ந்தது என் ஜாதகம்.

மறுநாள் காலை வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தான் ரகசியக் குரலில், "மாப்ளே, நல்லவேளை வந்தீங்க. மஞ்சக்கருவ யாரு திங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். மக்ரூனுக்கு வெள்ளைக்கரு மட்டும்தான் வேண்டும். மூன்று ஈட்டுக்குப் பதினைந்து முட்டை என்றால் பதினைந்து மஞ்சள் கரு மிச்சம். அத்தானுக்கு டாக்டர் தடை. ஆக, எனக்கு மூன்று வேளையும் மஞ்சள் கரு. ஆர்டர் முடிய இன்னும் அறுபது முட்டை பாக்கி இருக்கிறது என்பதைக் கணக்குப் பார்த்ததும் என் நெஞ்சுக்குள்ளேயே ஏதோ அடைப்பது போலிருந்தது.

மக்ரூனைச் சாப்பிட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். சுடுகிறவர்களுக்குத்தான் அதன் அவஸ்தை தெரியும். 16-ம் நூற்றாண்டில் முத்துக்காக இந்தக் கடற்கரைக்கு வந்தவர்கள் போர்த்துக்கீசியர்கள். பிரேசிலிலிருந்து முந்திரியை இந்தியாவுக்குக் கொண்டுவந்ததும் அவர்கள்தான். ஐரோப்பாவில் மக்ரூனுக்குப் பாதாம். நம்ம ஊரில் முந்திரி. நுரைக்க அடித்த வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரித்தூள். அவ்வளவுதான் சரக்கு. மீதியெல்லாம் சூடு. இதை வேகவைக்கக் கூடாது, உலர்த்த வேண்டும். நூறு, நூற்றுப்பத்து டிகிரியில் இரண்டு மணி நேரம் பொறுமையாக. சூடு கூடினால் பழுப்பாகி வெடிக்கும். குறைந்தால் உள்ளே பசை. அதிலும் தூத்துக்குடிக் கடல்காற்றில் இருக்கிற ஈரத்தைச் சர்க்கரை இழுத்துக்கொள்ளும். அப்புறம் அது மக்ரூன் இல்லை, கோந்து.

நான் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு களத்தில் இறங்கினேன். பி.காம். காரனுக்கு ஓவன் தெரியாமல் இருக்கலாம். கணக்கு இடிக்கிறது என்றால் எங்கோ ஒரு என்ட்ரி தப்பு என்பது தெரியும். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

முதல் என்ட்ரி, பிளக். ஓவன் 1600 வாட். ஏழு ஆம்பியர் இழுக்கும். மிக்ஸி சொருகுகிற சின்ன பிளக்கில், அதுவும் எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டுச் சொருகினால் ஒயர்தான் சூடாகும், ஓவன் ஆகாது. அக்கா வீட்டில் பெரிய பிளக்தான். பாஸ்.

இரண்டாவது, வோல்டேஜ். 1979-லிருந்து அனல் மின் நிலையத்தை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற ஊர் தூத்துக்குடி. ஆனால் அக்கா வீட்டில் சாயங்காலம் 230 இருக்க வேண்டிய இடத்தில் 195. விளக்கின் அடியில் இருட்டு. வோல்டேஜ் 15 சதவீதம் குறைந்தால் சூடும் 15 சதவீதம்தான் குறையும் என்று நினைக்காதீர்கள். அது வர்க்கக் கணக்கு. 28 சதவீதம் போய்விடும். 1600 வாட் ஓவன் 1150 வாட் ஓவனாகிவிடும். 'பிடித்துவிட்டேன் திருடனை' என்று துள்ளினேன். ஆனால் வோல்டேஜ் சரியாக இருந்த காலை நேரத்திலும் ஒரு ஈடு கெட்டிருக்கிறது என்று அக்கா சொன்னதும் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றாவது, கம்பெனி. போன் போட்டேன். 'எண் ஒன்றை அழுத்தவும், எண் இரண்டை அழுத்தவும்' என்று என்னை ஒரு சுற்று அழுத்திவிட்டு, கடைசியில் ஒரு பெண் குரல் கனிவாகச் சொன்னது: "ஸார், உங்க வாரன்டி முடிஞ்சு பதினொரு நாள் ஆகுது. டெக்னீஷியன் வர ஏழிலிருந்து பத்து வேலை நாள் ஆகும்." அதற்குள் கல்யாணம் முடிந்து மறுவீடும் முடிந்துவிடும்.

நான்காவதாக என்னிடம் ஒரு பிரம்மாஸ்திரம் இருந்தது. சர்க்கரை சுமார் 186 டிகிரியில் உருகும். அதனால் அலுமினிய ஃபாயிலில் சின்னக் கிண்ணம் செய்து, ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டு, நன்றாகச் சூடேறிய ஓவனில் கால் மணி நேரம் வைத்துப் பார்த்தால், டயல் சொல்வது நிஜமா பொய்யா என்று தெரிந்துவிடும். டயலை 175-ல் வைத்தால் சர்க்கரை அப்படியே இருக்க வேண்டும். 200-ல் வைத்தால் உருக வேண்டும். இரண்டும் சரியாக நடந்தால் டயல் ஏறக்குறைய யோக்கியன். தெர்மாமீட்டர் இல்லாத வீட்டுக்கு இதைவிட மலிவான பரீட்சை கிடையாது.

வைத்தேன். 200-ல் உருகவில்லை. 230-க்கு ஏற்றினேன். ஊஹூம். டயலை 250-க்குத் திருகி அரை மணி நேரம் காத்திருந்தேன். கிண்ணத்தில் இருந்தது பனிமய மாதா கோயில் சுவர் மாதிரி வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது.

எழுந்து நின்று தீர்ப்பு சொன்னேன். "அக்கா, எலிமென்ட் ரெண்டும் போச்சு. இனி புதுசுதான் வாங்கணும்."

அக்கா ஒன்றும் பேசவில்லை. கழுத்துச் சங்கிலியை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அது அத்தான் முதல் கப்பல் முடிந்து வந்தபோது வாங்கிப் போட்டது. எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

அத்தான் மட்டும் மெதுவாக எழுந்துவந்து, கிண்ணத்தில் ஆறியிருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் அஷ்டகோணலாகியது.

"மாப்ளே... இது உப்பு."

தமிழ்நாட்டு உப்புக்கே தலைநகரான ஊரில், அலமாரியில் ஒரே மாதிரி இரண்டு டப்பா வைத்திருந்தால் ஒரு மனுஷன் என்ன செய்வான்? பிறகு பார்த்தால், உப்பு உருக 801 டிகிரி வேண்டுமாம். அலுமினியமே 660 டிகிரியில் உருகிவிடும். அதாவது நான் எதிர்பார்த்தபடி உப்பு உருகியிருந்தால், அதற்கு முன்னால் கிண்ணம் உருகி ஓடியிருக்கும். அக்கா அன்றைக்குத்தான் முதல்தடவையாகச் சிரித்தாள். "எலே கூறுகெட்டவனே, உன்னய நம்பி சங்கிலிய அடகு வச்சிருப்பேனே!"

சர்க்கரைதானா என்று இரண்டு தரம் நக்கிப் பார்த்து மறுபடி வைத்தேன். 200-ல் கால் மணி நேரம்: உருகவில்லை. 230-ல் கால் மணி நேரம்: ஓரம் கண்ணாடியாகி உருக ஆரம்பித்தது. ஆக எலிமென்ட் செத்துப்போகவில்லை. ஓவன் சூடாகிறது. ஆனால் சொல்வதைவிட நாற்பது டிகிரி குறைவாக. அந்த நாற்பது எங்கே போனது? கணக்கில் இப்படி இடிக்கும்போது நாங்கள் வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று எழுதிவிட்டுத் தூங்கப் போவோம். நானும் தூங்கப் போனேன்.

வியாழக்கிழமை காலை, அடுத்த வீட்டு அண்ணாச்சி மகள் வீட்டிலிருந்து திரும்பினார். கப்பலில் எலெக்ட்ரிஷியனாக இருந்து ரிட்டயர் ஆனவர். நான் சொன்ன பிளக், வோல்டேஜ், உப்பு, சர்க்கரை அத்தனையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, அந்த செவப்பு விளக்கு எப்ப அணையுது?"

நான் திருதிருவென்று விழித்தேன். இரண்டு நாளாக ஓவனையே முறைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன், விளக்கைப் பார்க்கவில்லை.

"சூடு பத்தலைன்னா மொதல்ல விளக்கைத்தான் பாக்கணும். அது எரிஞ்சா கரண்ட் கம்பிக்குப் போகுது. அணைஞ்சா 'போதும், சூடாயிட்டு'ன்னு தெர்மோஸ்டாட் நிறுத்திட்டுது. விளக்கு விடாம எரிஞ்சும் சூடு ஏறலைன்னா, கம்பி போயிருக்கும், இல்ல வோல்டேஜ் இல்ல, இல்ல கதவு இடுக்குல சூடு வெளிய போகுது. விளக்கு சீக்கிரமே அணைஞ்சும் சூடு பத்தலைன்னா, கம்பி மேல தப்பே இல்ல. சூட்டப் பாத்துச் சொல்லுதவன் பொய் சொல்லுதான்."

வோல்டேஜ் கதையும் அங்கேயே அடிபட்டுப் போனது. வோல்டேஜ் குறைந்தால் சூடேற நேரமாகும். ஆனால் அதுவரைக்கும் தெர்மோஸ்டாட் விளக்கை அணைக்காது, காத்திருக்கும்.

போட்டுப் பார்த்தோம். டயல் 110. இரண்டே நிமிஷத்தில் விளக்கு அணைந்தது. அண்ணாச்சி தன் மல்டிமீட்டரோடு வரும் சூடு பார்க்கிற மெல்லிய ஒயரைக் கதவிடுக்கு வழியாக நடுத்தட்டில் வைத்தார். தெர்மோஸ்டாட் மூன்று தடவை அணைந்து எரியும்வரை காத்திருக்கச் சொன்னார். சூடு எப்போதும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். ஒரு தடவை பார்த்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. மீட்டர் 70-ஐச் சுற்றியே நின்றது. எழுபது டிகிரியில் எந்த மகராசி சுட்டாலும் மக்ரூன் பசைதான்.

பிளக்கைப் பிடுங்கி, ஓவன் முழுக்க ஆறிய பிறகுதான் உள்ளே கைவைத்தார். இதை நீங்களும் கவனியுங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது. பிளக் வெளியே இருக்க வேண்டும். முதலில் மேலும் கீழும் உள்ள கம்பிகளை மீட்டரில் பார்த்தார். 800 வாட் கம்பிக்கு 66 ஓம் சுமாருக்குக் காட்ட வேண்டும். கம்பி அறுந்திருந்தால் மீட்டர் ஒன்றுமே காட்டாது. இரண்டும் சரி. பிறகு டார்ச்சை அடித்து உள்பக்கச் சுவரைக் காட்டினார். பென்சிலைவிட ஒல்லியாக ஒரு உலோகக் குழாய், கிளிப்பிலிருந்து கழன்று, கீழ்க் கம்பியை ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதான் தம்பி உளவாளி. இதுக்குள்ள எண்ணெய் மாதிரி ஒண்ணு இருக்கு. சூட்டுல அது விரியும். விரிஞ்சா, முடி மாதிரி இருக்க இந்தக் குழாய் வழியாப் போயி, டயலுக்குப் பின்னால இருக்க ஸ்விட்ச்ச தள்ளும். கரண்ட் நின்னுரும்" என்றவர், நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு எனக்குப் புரிகிற பாஷைக்கு வந்தார். "முத்துக் குளிக்கிறவன் கீழ கயித்த அசைச்சா, தோணியில நிக்கவன் தூக்குவாம்லா? அது மாதிரி. கீழ போனவன் சரியான எடத்துல இருந்தாத்தான் மேல இருக்கவனுக்கு சரியான தாக்கல் வரும். இவன் கம்பிப் பக்கத்துலயே போயி ஒக்காந்துக்கிட்டு, 'சூடு, சூடு'ன்னு கயித்த ஆட்டியிருக்கான்."

பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல் கடைசி. இருந்தாலும் தூத்துக்குடியில் எதை விளக்கினாலும் அது கடலில் போய்த்தான் முடியும்.

"இது எப்படிக் கழண்டுது?" என்றேன்.

அக்கா மெதுவாக, "போன வாரம் பாகு கொட்டி அப்பிப் போச்சு. கம்பிநாரு போட்டுத் தேச்சேன்" என்றாள். பிறகு குரல் இறங்கி, "அப்ப என் கைதான்லே காரணம்" என்றாள்.

"ஆமா, ஒன் கைதான்" என்றார் அத்தான் உள்ளேயிருந்து. "ஆனா சுடுத கை இல்ல. தேய்க்குத கை!"

மூன்று நாளாக அந்தப் பெண் தன் கையை அல்லவா சந்தேகப்பட்டிருக்கிறாள்? எந்திரம் நாற்பது டிகிரி பொய் சொன்னால், வீட்டில் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏறுவது சமைக்கிறவள்தான். 'மாவு சரியில்லையோ, அடித்தது போதாதோ, கைராசி போய்விட்டதோ.' டயலைப் பார்த்து 'நீ யோக்கியனா?' என்று யாரும் கேட்பதில்லை. அச்சடித்த எண்ணுக்கு அப்படி ஒரு மரியாதை!

அண்ணாச்சி கிளிப்பை நிமிர்த்தி, குழாயைச் சுவரிலிருந்து விரல் அகலம் தள்ளி, கம்பியிலிருந்து விலகி நிற்கும்படி மாட்டினார். செலவு, ஒரு டீ. குழாய் மடிந்திருந்தாலோ ஒழுகியிருந்தாலோ தெர்மோஸ்டாட்டையே மாற்ற வேண்டியிருந்திருக்கும். பிளாஸ்டிக் டேப், நூல் எதையும் போட்டுக் கட்டாதீர்கள். அவருக்கு மீட்டர் பிடிக்கத் தெரியும். தெரியாதவர்கள் டார்ச் அடித்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, தெரிந்தவரைக் கூப்பிடுவதுதான் உத்தமம்.

எண்ணெல்லாம் மின்னுகிற எலெக்ட்ரானிக் ஓவன் வைத்திருப்பவர்கள் 'நமக்கு இந்தத் தொல்லை இல்லை' என்று சிரிக்க வேண்டாம். அங்கேயும் ஒரு உளவாளி உண்டு. எண்ணெய்க்குப் பதில் சென்ஸார். பல மாடல்களில் அது பிளாட்டினம். ஜீரோ டிகிரியில் ஆயிரம் ஓம் காட்டுகிற வகை ஒன்று உண்டு. நம்ம ஊர் 30 டிகிரியில் அது 1117 ஓம் சுமாருக்குக் காட்ட வேண்டும், நூறு டிகிரியில் 1385. வேறு வகை சென்ஸாருக்கு வேறு கணக்கு. உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு அளக்கச் சொல்லுங்கள். ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் அதன் பிளக்கில் துரு ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கடலோர ஊர்களில் உப்புக்காற்று விட்டுவைக்காத இடம் கிடையாது. சென்ஸார் மாற்றுகிற செலவில் முடிய வேண்டிய வியாதிக்கு, போர்டையே மாற்றிவிட்டு பில் நீட்டுகிறவர்களும் உண்டு.

மறுபடி சூடேற்றிப் பார்த்தோம். டயல் 110-ல், மீட்டர் 100-ஐச் சுற்றி. இன்னும் ஒரு பத்து இடித்தது. பரவாயில்லை; எப்போதும் அதே பத்து இடித்தால் அது பொய் இல்லை, சுபாவம். ஒரு துண்டுக் காகிதத்தில் '10 கூட்டிக்கொள்' என்று எழுதி டயல் பக்கத்தில் ஒட்டினேன். எங்கள் பாஷையில் அட்ஜஸ்ட்மென்ட் என்ட்ரி. நான் இந்த விவகாரம் முழுவதிலும் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான். இனி சந்தேகமே வேண்டாம் என்று கடைத்தெருவில் தொங்கவிடுகிற ஓவன் தெர்மாமீட்டர் ஒன்றும் சில நூறு ரூபாய்க்கு வாங்கிப் போட்டோம்.

அன்று இரவு அக்கா புது ஈட்டுக்கு வெள்ளைக்கருவை அடித்து முடித்தாள். தெர்மாமீட்டர் 110-க்கு வந்ததும், "வைக்கா" என்றேன். அவள் வைக்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வலது கையைச் சூட்டுக்குள் நீட்டி, கண்ணை மூடி எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று... எனக்கு ஒரு நிமிஷம் அங்கே வேறு யாரோ நிற்பது மாதிரி இருந்தது.

"அப்பா கணக்குக்கு இன்னும் ஒரு மிடறு கூட இருக்கு. கொஞ்சம் பொறுலே."

பொறுத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து முதல் மக்ரூனை உடைத்தபோது 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது பாருங்கள், எனக்கு பி.காம். ரிசல்ட் வந்தபோதுகூட அவ்வளவு நிம்மதி இருந்ததில்லை. அக்கா அதைத் தின்னவில்லை. அப்பா படத்துக்கு முன்னால் ஒன்று வைத்துவிட்டு அடுத்த ஈட்டுக்குப் போய்விட்டாள். சனிக்கிழமை ராத்திரி ஆறு கிலோவும் காற்றுப் புகாத டின்களில் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தது.

ரயிலேற்றிவிட வந்த அத்தான், ஒரு பொட்டலத்தை என் கையில் திணித்தார். "முத்துக் குளிக்கப் போறவன், கயிறு பிடிக்க பொண்டாட்டி கூடப் பொறந்தவனைத்தான் கூட்டிட்டுப் போவாம்னு சொல்லுவாக மாப்ளே. கூடப் பொறந்தவ தாலி அறுந்திரும்னு பயந்து கயித்த விடமாட்டானாம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பொட்டலத்தில் மக்ரூன் என்று நினைத்தீர்களா? மஞ்சள் கரு போட்டுச் செய்த கேக்!

ஒரு மாதம் கழித்து மறுபடி காலை ஐந்து மணிக்கு போன்.

"தம்பி, சூடு ரொம்ப ஜாஸ்தியா இருக்குலே!"

"பதறாதக்கா. டயலைக் கொஞ்சம் குறை."

"அவனுக்கு இல்லலே, அவுகளுக்கு. கரண்ட் பில்லு வந்திருக்கு!"